சோழகக் காலத்தில் யாழ்ப்பாணம்: முதல்தரம் வருகிறவர்களுக்கு

கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் இருந்து ஒரு குடும்பம் ஆடிக் கடைசியில் ஐந்து நாள் யாழ்ப்பாணம் வருகிறது. இலங்கைக்கே முதல் தடவை. தாய்க்கு முழங்கால் வலி, தகப்பன் சுத்த சைவம், கூடவே இரண்டு பிள்ளைகள். நயினாதீவும் நெடுந்தீவும் பார்க்க வேண்டும். எதை எந்த நாளில் வைப்பது, என்ன கொண்டு வருவது, எதில் கவனமாக இருப்பது?

நல்லூர் முதல் நாள், கோட்டை இரண்டாம் நாள், மிஞ்சிய நேரத்தில் தீவு என்று பலர் திட்டம் போடுகிறார்கள். அதைத் தலைகீழாகப் போடுங்கள். முதலில் தீவு நாட்களைக் குறியுங்கள். பட்டணத்தில் உள்ளவை எந்த நேரமும் அங்கேயே நிற்கும். வள்ளம் அப்படி இல்லை. தீவுப் பயணம் இரண்டாம், மூன்றாம் நாட்களில் இருக்கட்டும். ஐந்தாம் நாள் விமானம் என்றால் நான்காம் நாளில் நெடுந்தீவை வைக்கவே வேண்டாம். காற்று ஏறி மாலை வள்ளம் நின்றால் நீங்கள் தீவில், கடவுச்சீட்டு பட்டணத்து அறையில்.

வைகாசி தொடங்கி ஆவணி, புரட்டாதி வரை இங்கே சோழகம், அதாவது தென்மேல் காற்று. மழை கொண்டு வராது. அதன் மழையெல்லாம் தெற்கிலும் மலைநாட்டிலும் கொட்டி முடிந்துவிடும். எங்களுக்கு வருவது வெறும் காற்றும் புழுதியும் வெயிலும். யாழ்ப்பாணத்தின் பெருமழை ஐப்பசி முதல் மார்கழி வரை, வாடைக் காற்றோடு. கொழும்பில் ஆடியில் மழை என்று செய்தி பார்த்துவிட்டுக் குடை கட்டுகிறவர்கள் இங்கே அதை வெயிலுக்குத்தான் பிடிக்க வேண்டி வரும். தீவுகளைச் சுற்றியுள்ள கடல் ஆழம் குறைந்தது. ஆழமில்லாத கடலில் காற்று ஏறினால் அலை நீண்டு வராது; குறுகலாக, செங்குத்தாக, ஒன்றின் பின்னால் ஒன்றாக அடிக்கும். வள்ளம் தூக்கித் தூக்கிப் போடும். காலையில் காற்று ஓரளவு அடங்கியிருக்கும், பத்து, பதினொரு மணிக்குப் பிறகு எழும்பும். அதனால் போகும்போது சுகமாக இருந்த அதே கடல் திரும்பும்போது வேறு குணத்தில் இருக்கும். காலைக் கடலைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று முடிவெடுக்காதீர்கள்.

இரண்டு தீவுக்கும் ஏறுமிடம் ஒன்றுதான்: புங்குடுதீவின் அந்தத்தில் உள்ள குறிகட்டுவான் இறங்குதுறை. பட்டணத்தில் இருந்து முப்பது கிலோமீற்றருக்குச் சற்று மேல். பண்ணைப் பாலத்தால் வேலணைக்கு ஏறி, அங்கிருந்து கடலுக்கு நடுவே போடப்பட்ட இன்னொரு வீதியால் புங்குடுதீவுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கும், வான் வண்டியில் ஒரு மணித்தியாலம். குறிகட்டுவானில் இருந்து நயினாதீவு 15 முதல் 20 நிமிடம். காலை முதல் மாலை வரை வள்ளங்கள் அடிக்கடி ஓடும். நெடுந்தீவு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம், எதிர்க்காற்றில் அதற்கும் மேல். நாளுக்குச் சில சேவைகள்தான். காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புவது வழக்கம். நேர அட்டவணை மாறிக்கொண்டே இருக்கும், படகுகளும் திருத்த வேலைக்குப் போய்வரும். போவதற்கு முந்தின நாள் மாலை தங்குமிடத்துக்காரரைக் கொண்டு இறங்குதுறைக்கோ நெடுந்தீவில் யாருக்கோ ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பியுங்கள். இணையத்தில் கிடக்கும் நேரத்தை நம்பி வெளிக்கிடுவது வீண் வேலை.

ஒரே துறைதானே, இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டால் முடியும். உங்கள் குடும்பத்தோடு முடியாது. நெடுந்தீவில் இருந்து மாலை வந்து இறங்கி, உடனே நயினாதீவுக்கு வள்ளம் பிடித்து, பூசையும் பார்த்து, கடைசி வள்ளத்தையும் கடைசி பஸ்ஸையும் பிடிப்பது இளந்தாரிகள் செய்யும் வேலை. ஒரு நாள் எல்லோரும் நயினாதீவு போங்கள். இன்னொரு நாள் கால் வலியில்லாதவர்கள் மட்டும் நெடுந்தீவு போகட்டும், அம்மா பட்டணத்தில் ஆறுதலாய் இருக்கட்டும் என்பதே என் ஆலோசனை.

இருபது நிமிட நயினாதீவுப் பயணத்துக்கே வள்ளத்தின் அமைப்பு அம்மாவைச் சிரமப்படுத்தும். நயினாதீவு வள்ளங்கள் பலவற்றில் இருக்கைகள் மேல்தட்டுக்குக் கீழே. ஒரு குறுகிய வாசலால் தலையைக் குனிந்து, செங்குத்தான சில படிகளில் இறங்க வேண்டும். துறையில் இரண்டு மூன்று வள்ளங்களை அருகருகே கட்டியிருந்தால் ஒன்றில் ஏறி அடுத்ததற்குத் தாண்டவும் வேண்டியிருக்கும். முழங்கால் வலிக்காரர் முன்பக்கம் பார்த்து இறங்கினால் முழுப் பாரமும் முழங்காலில் விழும். ஏணியில் இறங்குவதுபோல் முகத்தை வள்ளத்தின் பக்கம் திருப்பி, பின்புறமாக இறங்கச் சொல்லுங்கள். கையில் பை இருக்கக் கூடாது. வள்ளக்காரர் கை நீட்டினால் விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும், வியர்வையில் வழுக்காது. அலை வள்ளத்தைத் துறை மட்டத்துக்குத் தூக்கும் கணத்தில்தான் கால் வைக்க வேண்டும். அது வரும்வரை ஆட்கள் பொறுப்பார்கள், யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். உயிர்காப்பு அங்கி தருவார்கள். வெக்கையாக இருக்கிறது என்று மடியில் வைத்திருக்க வேண்டாம், வார்களைக் கட்டுங்கள்.

வாந்தி வரும் ஆட்களுக்கு நடுவிலும் பின்பக்கமாகவும் இடம் தேடுங்கள், முன்முனைதான் அதிகம் எழும்பி விழும். டீசல் மணமும் மூடிய அறையும் சேர்ந்தால் கடல் பழகாதவர் ஐந்தாவது நிமிடமே மடங்கிவிடுவார். மாத்திரை எடுப்பதென்றால் ஏறுவதற்கு அரை மணித்தியாலமாவது முன்னதாக எடுக்க வேண்டும், வள்ளம் ஆடத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிறும் கூடாது, பிட்டும் தேங்காய்ப்பால் சொதியும் நிரம்பிய வயிறும் கூடாது. இரண்டு இட்லி அல்லது பாணும் (பிரெட்) வாழைப்பழமும் போதும்.

நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோயில் துறையை ஒட்டியே இருக்கிறது, அதிகம் நடக்கத் தேவையில்லை. அதே தீவில் நாகதீப விகாரையும் உண்டு. தெற்கில் இருந்து பஸ் பஸ்ஸாக வருகிறவர்கள் அங்கே போகிறார்கள். அதனால் போயா எனப்படும் பௌர்ணமி விடுமுறை நாளிலும் சனி, ஞாயிறிலும் வரிசை நீளும். நீங்கள் கிழமை நாளில் போங்கள்.

நெடுந்தீவில் மாவிலித் துறையில் இறங்கியதும் ஓட்டோவும் சிறிய வாகனங்களும் நிற்கும். ஏறும் முன் இரண்டு விஷயத்தை வாயால் பேசி உறுதி செய்யுங்கள்: எந்தெந்த இடம், திரும்ப எத்தனை மணிக்குத் துறை. வள்ளத்துக்கு அரை மணித்தியாலம் முன்னால் துறையில் நிற்க வேண்டும் என்று சாரதியிடமே சொல்லிவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார். மத்தியானச் சாப்பாட்டைக் காலையில் இறங்கிய உடனேயே சொல்லிவையுங்கள். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்டால் சமைத்தது முடிந்திருக்கும், மறுபடி சமைக்க ஆளும் இராது. வேலியெல்லாம் சாந்தில்லாமல் அடுக்கிய பவளக்கல். பிள்ளைகளை ஏறவிடாதீர்கள், கல் சரிந்தால் காலைக் கிழிக்கும். பெருக்கமரத்தின் (பாயோபாப்) பொந்துக்குள் நுழைந்து படமெடுப்பார்கள், அதில் தவறில்லை. காட்டுக் குதிரைகள் தெற்குப் பக்க வெளிகளில் நிற்கும். கோடையில் தண்ணீர் தேடி நலிந்திருக்கும், துரத்தாமல் தூர நின்று பாருங்கள். நிழல் என்பது அங்கே அரிய பொருள். ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும்.

அந்த வள்ளம் சுற்றுலாவுக்கு ஓடுவதல்ல என்பதையும் நினைவில் வைத்திருங்கள். தீவு மக்களின் அரிசி மூட்டையும் காஸ் சிலிண்டரும் நோயாளியும் போவது அதில்தான். இடம் குறைந்தால் அவர்களுக்கு விடுவதே முறை. குமுதினி என்ற பெயர் காதில் விழும். 1985 மே 15 அன்று பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டது அந்தப் படகில். ஊரில் அது பழைய செய்தி ஆகவில்லை.

அம்மாவுக்கு வள்ளமே வேண்டாம் என்றால் தீவைக் காட்ட வேறு வழி உண்டு. வேலணையும் ஊர்காவற்றுறையும் வீதியால் போகக்கூடிய இடங்கள். சாட்டிக் கடற்கரையில் அலை குறைவு, பிள்ளைகள் விளையாடலாம். ஊர்காவற்றுறையில் இருந்து காரைநகருக்குக் கடவையைக் கடக்க ஒரு மிதவை ஓடுகிறது, "பாதை" என்பார்கள். தட்டையான தளம், ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறும், சில நிமிடப் பயணம். வழியில் கடலுக்கு நடுவே கடற்கோட்டை தெரியும். வான் வண்டியைச் சுற்று வீதியால் காரைநகருக்கு அனுப்பிவிட்டு நீங்கள் இந்த மிதவையால் போனால், அடுத்த பக்கத்தில் ஏறிக் கசூரினாக் கடற்கரைக்குப் போகலாம். அங்கே கடல் நெடுந்தூரம் இடுப்பளவுதான். அதற்காகப் பிள்ளைகளைத் தனியே விடாதீர்கள். இங்குள்ள பெரும்பாலான கரைகளில் உயிர்காப்பாளர் கிடையாது.

கோயில் விஷயம். ஆடிக் கடைசி என்றால் நல்லூர்த் திருவிழா தொடங்கியிருக்கும், அல்லது தொடங்கப் போகும். ஆடி அமாவாசையில் இருந்து ஆறாம் நாள் கொடியேற்றம், 25 நாள் திருவிழா, 24ஆம் நாள் தேர், மறுநாள் தீர்த்தம். பஞ்சாங்கத்தைப் பார்த்து உங்கள் ஐந்து நாளில் எது விழுகிறது என்று இப்போதே அறிந்துகொள்ளுங்கள். திருவிழா நாட்களில் தங்குமிடம் விலையும் ஏறும், இடமும் கிடையாது. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள், ஓட்டோ தடுப்போடு நிற்கும், மிச்சம் நடைதான். அம்மாவுக்காகக் கோயிலுக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுங்கள். நல்லூரில் பூசை மணி பிசகாது. ஐந்து நிமிடம் பிந்தினால் ஐந்து நிமிடப் பூசை போனதுதான். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். வேட்டி கொண்டு வாருங்கள், அரைக்காற்சட்டை வேண்டாம். உள்ளே படமெடுக்க முடியாது. மத்தியானத்தில் வெறுங்காலோடு வீதியில் நிற்க உங்கள் பிள்ளைகளால் ஏலாது, காலையோ மாலையோ போங்கள். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், உண்மைதான்.

கீரிமலையில் கடலோரமாகவே நன்னீர்க் கேணி. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி. மாற்றுடையோடு போங்கள், படி பாசி பிடித்து வழுக்கும்.

இனிச் சாப்பாடு. அப்பாவுக்குச் சிக்கல் வரும் இடம் மீன்கறி அல்ல, அது கண்ணுக்குத் தெரியும். சிக்கல் சம்பலில். தேங்காய்ச் சம்பலில் மாசிக் கருவாட்டுத் தூள் சேர்ப்பது இலங்கையில், குறிப்பாக வவுனியாவுக்குத் தெற்கே, சாதாரணம். சொதி மீன்தலை போட்டும் வரும். மாலுபணிஸ் என்பது மீன் வைத்த பணிஸ் (பன்). முக்கோணமாய், வெளியில் இருந்து பார்க்க அப்பாவியாய் இருக்கும். கொத்துரொட்டி மரக்கறி என்று கேட்டாலும் அதே தட்டில், அதே தகட்டால் இறைச்சிக் கொத்தும் அடிக்கப்பட்டிருக்கும். "இது வெஜ்ஜா" என்று கேட்காமல் "மச்சம் சேர்ந்ததோ" என்று கேளுங்கள். மச்சம் என்றால் மீன், இறைச்சி, மாசி எல்லாம் அடக்கம்; பதில் நேராக வரும். சைவக் கடை என்று பலகை போட்ட இடங்கள் பட்டணத்தில் நிறைய உண்டு, அங்கே இந்தக் கேள்வியே தேவையில்லை. கடையில் உட்கார்ந்த உடன் கேட்காமலே ஒரு தட்டில் ரோல்ஸ், வடை, பணிஸ் என்று எட்டுப் பத்துக் கொண்டு வந்து வைப்பார்கள். பதற வேண்டாம். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டுந்தான் கணக்கு, மிச்சம் திரும்பப் போகும். தொட்டுப் பார்த்துவிட்டு வைக்காதீர்கள், அவ்வளவுதான். யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் வறுத்து இடித்தது. நிறம் கறுப்பாகத் தெரியும், உறைப்பு பின்னால் வரும். பிள்ளைகளுக்குப் பிட்டோ இடியப்பமோ பாற்சொதியோடு கொடுங்கள். மச்சம் சாப்பிடுகிறவர்கள் ஒருநாள் ஒடியற்கூழ் (பனங்கிழங்கு மாவில் மீன் போட்டுக் காய்ச்சுவது) குடிக்காமல் போகக் கூடாது.

தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. அடியில் சுண்ணாம்புக்கல், அதன் வெடிப்புகளில் தேங்கும் மழைநீர்தான் கிணற்றுக்கு வரும். கூடுதலாக இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்று சொல்வது இந்தக் கணக்குத்தான். உங்களுக்கு இதன் நடைமுறைப் பொருள்: குளிக்கும் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் கயிறாய் நிற்கும், அதில் பிழையில்லை, ஆனால் குடிக்கப் போத்தல் தண்ணீர் அல்லது கொதித்தாறிய தண்ணீர்தான். பல்துலக்கக்கூடப் பிள்ளைகளுக்கு அதையே கொடுங்கள். வெயிலில் ஆள் சோர்ந்தால் மருந்துக் கடையில் ஜீவனி என்று கேளுங்கள், உப்பும் சீனியும் கலந்த பொடி. பொதியில் எழுதிய அளவு தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். பாதிப் பொடியைக் கைக்கணக்கில் போட்டால் உப்பு அளவு பிசகும். இளநீர் எங்கும் கிடைக்கும்.

மலேரியா பயம் வேண்டாம், 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாக அறிவித்துவிட்டது. டெங்கு உண்டு. அது மழைக்குப் பிறகுதான் கூடும், என்றாலும் பகலிலும் நுளம்பு (கொசு) மருந்து பூசுங்கள். காய்ச்சல் வந்தால் பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரூபன் கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். தெருநாய் கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். அது பட்டணத்து நடுவிலேயே இருக்கிறது. அம்புலன்ஸுக்கு 1990, இலவசம். பொலிஸுக்கு 119.

பயண ஏற்பாடுகளில் எல்லோரும் தடுக்குவது பெயரில். தமிழ்நாட்டுக் கடவுச்சீட்டுப் பலவற்றில் குடும்பப் பெயர்ப் பகுதி வெறுமையாக இருக்கும், அல்லது தகப்பன் பெயர் அங்கே இருக்கும். ஈ.டி.ஏ. (இலங்கைக்கான மின்னணுப் பயண அனுமதி) விண்ணப்பத்திலும் விமான ரிக்கெற்றிலும் கடவுச்சீட்டில் எது எங்கே அச்சாகியிருக்கிறதோ அதையே நிரப்புங்கள், வழக்கத்தில் எழுதும் முதலெழுத்தை அல்ல. பிள்ளைகளுக்கும் தனித்தனி ஈ.டி.ஏ. வேண்டும். இலங்கை அரசின் தளத்தில் நேரே செய்யுங்கள். அதைப்போலவே தோற்றமளிக்கும் தரகர் தளங்கள் மேலதிகமாகப் பிடுங்கும். கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக இருக்கட்டும். நேரே வரும் வழி இரண்டு: பலாலிக்கு விமானம், அல்லது நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். கப்பல் நாலு மணித்தியாலம் அளவு. மேலே சொன்ன கடல்தான் அதற்கும். நாள் மாறலாம் என்பதை ஏற்றுக்கொண்டு எடுங்கள். பலாலியில் இருந்து பட்டணம் 20 கிலோமீற்றருக்குள்.

பணத்தை அனுமதி பெற்ற நாணயமாற்றுக் கடையில் மாற்றி, ரசீதை வைத்திருங்கள். தொலைபேசியில் கட்டும் வசதி பெரிய கடைகளில் இருக்கும். வள்ளத்துக்கும் பஸ்ஸுக்கும் இளநீருக்கும் காசுதான். 5000 ரூபாய்த் தாளை பஸ்ஸில் நீட்டினால் நடத்துநர் முகத்தைப் பார்ப்பீர்கள். ஓட்டோவுக்குச் செயலி வேலை செய்யும். இல்லாவிட்டால் ஏறும் முன் விலை கதைத்துக்கொள்ளுங்கள். சிம் அட்டைக்குக் கடவுச்சீட்டு வேண்டும்.

மின்சாரத் துளைகள் இரண்டு விதம். பழைய வீடுகளில் உங்கள் ஊர் உருண்டைக் கம்பி போகும். புதியவற்றில் சதுரக் கம்பி 13 அம்பியர். மேல்துளைக்குள் பேனையைக் குத்தித் திறந்து இரட்டைக் கம்பியைச் செருகுவதைப் பலர் செய்வார்கள். நீங்கள் செய்யாதீர்கள், பிள்ளைகள் பார்த்துப் பழகும். மாற்றி ஒன்று எந்த மின்சாதனக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும்.

பேச்சில் சில இடறல்கள். "ஓம்" என்றால் மந்திரம் இல்லை, ஆமாம். "காணும்" என்றால் போதும். இலையில் சோறு போடும்போது இந்தச் சொல்லைத் தெரியாவிட்டால் போட்டுக்கொண்டே இருப்பார்கள். "பேசினார்" என்றால் திட்டினார், உரையாடுவது கதைப்பது. வழி கேட்டால் தெருப் பெயர் வராது, சந்தியும் கட்டையும் (மைல்கல்) ஒழுங்கையும் (சந்து) தான் வரும்: "முத்திரைச் சந்தி தாண்டி இடக்கைப் பக்கம் இரண்டாம் ஒழுங்கை." வயதில் மூத்தவரை ஐயா, அம்மா என்றும், சாரதியை அண்ணை என்றும் கூப்பிடுங்கள். யுத்தத்தைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள். முகாம், காவலரண், பலாலிச் சுற்றாடல் ஆகியவற்றைப் படமெடுக்க வேண்டாம், ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்கவிட வேண்டாம். ஏ9 வீதியால் தெற்கே போனால் மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை தெரியலாம். அது மிதிவெடி எச்சரிக்கை, ஒன்றுக்குப் போகவும் வீதியை விட்டு இறங்காதீர்கள்.

திரும்பும்போது பனங்கட்டி, பினாட்டு (பனம்பழக்களி காயவைத்தது), மிளகாய்த்தூள் வாங்குவீர்கள். தூளை இரண்டு உறையில் கட்டாவிட்டால் ஊரில் போய்ப் பெட்டியைத் திறக்கும்போது எல்லாச் சேலையும் தும்மவைக்கும். பனங்கட்டி சோழக வெக்கையில் கசியும், ஓலைக் குட்டானோடு வாங்கிக் கடதாசியில் சுற்றுங்கள். நெடுந்தீவில் பிள்ளைகள் பொறுக்கிய பவளக்கல் துண்டுகள் சட்டைப் பைகளில் இருக்கும். அவற்றை நாட்டை விட்டுக் கொண்டுபோவது சட்டவிரோதம், துறையிலேயே கீழே போட்டுவிட்டு வள்ளம் ஏறுங்கள்.